மருந்தில்லாத களிம்பும் இருபது நிமிடமும்

சித்தியின் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு மேடு உண்டு. எலும்பு இடம் பெயர்ந்து, தோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் சதுரமாகப் புடைத்திருக்கும். மற்ற விரல்களின் நுனிக் கணுக்களில் பட்டாணி அளவுக்கு முடிச்சுகள். சுண்டுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்து, பக்கத்தில் எக்ஸ்ரேயையும் வைத்த பிறகுதான் கம்பெனி டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"உங்க வலி கையில இல்லம்மா. மனசுல இருக்கு."

எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. சித்திக்கு ஆறியிருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சித்தியைத் தெரியாது.

அவள் வேலை பார்ப்பது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்பும் இடம். சித்தியின் வேலை ரோலரில். ஒரு ஆள் உயரத்துக்குச் சூடான உருளைகள் சுழன்றுகொண்டே இருக்கும். ஈரம் பாதி போன விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். முனையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கவ்வும். கவ்வு, உதறு, கொடு. அடுத்தது. காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு மணிவரை. இருபத்தேழு வருடம்.

நான் பள்ளியில் படித்த ஆறு வருடம் அவள் வீட்டில்தான் இருந்தேன். அப்போது அவள் கை இரும்பு. என் காதைத் திருகினால் மறுநாள்வரை கேள்வி ஞானம் போய்விடும். இப்போது அதே கையால் பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை, பல்லால் திறக்கிறாள். பூட்டுக்குச் சாவி போடுவதும், துணி பிழிவதும் சித்தப்பாவின் வேலையாகிவிட்டன. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "ஸ்டியரிங் பிடிச்ச கைக்குக் கடைசியில பிழியுற உத்தியோகம்" என்பார்.

ஆலையில் ஒரு விதி இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு உடம்பு முடியவில்லை என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால், இலகுவான வேலைக்கு மாற்ற வேண்டும். ரோலர்காரிகளுக்கு அந்த இலகுவான வேலை என்பது 'ஜன்னல்'. மடித்த விரிப்புக் கட்டுகளை வண்டிக்காரர்களிடம் நகர்த்திவிட்டு ஏட்டில் டிக் போடும் இடம். கவ்வவும் வேண்டாம், உதறவும் வேண்டாம். ஜன்னலில் இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்று சேதி வந்தது. சித்திக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி. ரோலரில் வேகம் குறைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே இருவரை அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் கிடைத்தால் நான்கு வருடம் ஓடிவிடும். கிடைக்காவிட்டால் நான்கு மாதம் தாங்குமா என்பதே சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அக்கறையைக் காட்ட வேறு வழி தெரியாது, இணையத்தில் தேடுவான். அவளுடைய ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கை மூட்டுத் தேய்மானத்துக்குப் புதிய களிம்பு ஒன்றைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று பார்த்தேன். உடனே போன்.

"இனாமா?" என்றாள் சித்தி.

"ஆமா சித்தி."

"இனாமாக் குடுக்குறவன் வேற எதையாவது எடுத்துக்குவான்டா."

"ஆஸ்பத்திரி சித்தி. பயப்படாதீங்க."

பயந்தது என்னமோ நான்தான். அவள் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

சேரும்போதே எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள களிம்பு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத களிம்பு. யாருக்கு எது என்பது முடியும்வரை யாருக்கும் தெரியாது. சித்தி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "நமக்குப் போயா வெறும் களிம்பைக் குடுக்கப் போறாங்க? வலி உள்ளவளைப் பாத்தாத் தெரியாதா?" என்று அவள் கணக்கு.

பன்னிரண்டு வாரம். காலை ஒன்பதுக்கு ஒருமுறை, மதியம் ஒரு மணிக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும். தேய்த்ததும் இருபது நிமிடம் எதையும் தொடக் கூடாது, தோல் உறிஞ்ச வேண்டும். இரண்டு வேளையும் ஷிப்டுக்குள் வருவதால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆலைக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆலையின் வாடிக்கையாளர், மறுக்க முடியவில்லை. சூப்பர்வைசருக்குத்தான் வயிறு எரிந்தது. பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடிகாரம்'. சித்தி உட்கார்ந்ததும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார், எழுந்ததும் பார்ப்பார்.

ரோலரின் மறுமுனையில் நிற்பவள் தொப்பி அக்கா. இடைவேளையில்கூடத் தலைத்தொப்பியைக் கழற்றாததால் அந்தப் பெயர். அவள் கத்துவாள்: "என்னடி, மகாராணி கையைக் காய வெக்கிறாப்பலயா?"

"ஆமா. சும்மாதானே நிக்கிற, வந்து விசிறு."

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு இளம் நர்ஸ். சித்தி அவளைக் 'குட்டி நர்ஸ்' என்பாள். ஒவ்வொரு கணுவாக அழுத்தி, "இங்கயா அம்மா? இங்கயா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வாளாம். "இந்த இருபத்தேழு வருஷத்துல என் கையை யாருடா பத்து நிமிஷம் சேந்தாப்பல பிடிச்சிருக்காங்க? உங்க சித்தப்பா கல்யாணத்தன்னிக்குப் பிடிச்சதோட சரி." அதற்குப் பிறகு ஒரு காகிதம். அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனை, வலியே இல்லை. வலது முனை, தாங்கவே முடியாத வலி. இன்றைக்கு வலி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு போட வேண்டும். முதல் நாள் எட்டில் போட்டாள். பன்னிரண்டாம் வாரம் மூன்றில்.

போனில் குரலே மாறியிருந்தது. "மூடி திறந்தேன்டா! கையால!" என்றாள். நான் என் அலுவலக மாடிப்படியில் நின்று அழுதேன். என் யோசனை பலித்துவிட்டது என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதனை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தடித்த தாள், மேலே சின்னம், கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து, முத்திரை. கடிதம் ஆங்கிலத்தில். அவள் அதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. கையைப் பற்றி இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறதே, இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? ஜன்னல் வேலைக்கான விண்ணப்பத்தோடு அதையும் பின் அடித்து ஆபீஸில் கொடுத்துவிட்டாள். முத்திரை இருந்தால் அது நமக்குச் சாதகமான காகிதம் என்று நம்பியே பழகிய வீடு எங்களுடையது. கொடுத்துவிட்டு வந்த பிறகு, முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோவை எனக்கு அனுப்பினாள்: "நல்லா எழுதியிருக்காங்களா பாரு."

நான் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பங்கேற்றதற்கு நன்றி. தாங்கள் மருந்தில்லாத களிம்பு பெற்ற குழுவில் இருந்தீர்கள். தங்கள் வலி மதிப்பீடு எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்போ என் கையில மூணு மாசம் பூசினது என்னடா?"

"மருந்தில்லாத களிம்பு சித்தி. நிறம், வாசனை எல்லாம் ஒண்ணுதான். மருந்து மட்டும் கிடையாது."

"தெரிஞ்சேவா குடுத்தாங்க?"

"அந்த நர்ஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதபடிதான் குடுப்பாங்க."

"யாருக்கும் தெரியாம எப்படிடா குடுக்க முடியும்? டியூப்ல அடைச்சவனுக்குத் தெரியும்ல?"

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "வெறும் களிம்புக்கே வலி போச்சுன்னா, வெறும் தட்டை வெச்சா எனக்குப் பசி போகணுமே!"

"இன்னிக்கு அதான் உங்களுக்கு. வெறும் தட்டு" என்றாள் சித்தி. ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி டாக்டர் கூப்பிட்டார். அவர் கையில் அந்தக் கடிதம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில்கூடப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று தள்ளி வைத்தார். பிறகுதான் அந்த வாக்கியம். ஒன்றுமில்லாததைப் பூசியே சரியானது என்றால் இருந்ததும் ஒன்றுமில்லாததுதானே என்பது அவர் தர்க்கம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சேதி ரோலருக்கு வர அரைமணிகூட ஆகவில்லை. கடிகாரம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "சோதனையும் முடிஞ்சது, நாடகமும் முடிஞ்சது. இனிமே உக்கார்ற வேலை கிடையாது." யாரோ 'களிம்பு ராணி' என்று பெயர் வைத்தார்கள். வலியோ, சோதனை முடிந்த மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து கூடாரம் போட்டிருந்தது.

எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. ஊருக்கு ஓடினேன். சித்தி மேல்முறையீடு செய்திருந்தாள், விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. அதற்குள் பெரிய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். அறையில் பெரிய டாக்டரும் குட்டி நர்ஸும் இருந்தார்கள்.

"எனக்கு வலி இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றாள் சித்தி.

"இருந்துச்சும்மா. நிச்சயமா இருந்துச்சு. கை மூட்டு ஆராய்ச்சியில வெறும் களிம்பு வாங்கினவங்களுக்கும் வலி குறையறது சாதாரணம். அதுக்காக வலி பொய்யின்னு அர்த்தமில்ல. ரொம்ப முடியாம இருக்கறப்பதான் எல்லாரும் சோதனைக்கு வந்து சேருவாங்க. இந்த வலி ஏறும், தானாவே கொஞ்சம் இறங்கும். அக்கறையா ஒருத்தர் பாத்துக்கிட்டாலும் குறையும்."

"இதையே எழுதிக் குடுங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தனி ஆளுக்கு எழுத எங்களுக்கு அனுமதி இல்லம்மா. இது ஆராய்ச்சிக்காகச் சேத்த விவரம்."

"அந்த லெட்டர்ல மட்டும் தனி ஆளுக்கு எழுதினீங்களே! மூணுன்னு போட்டீங்களே!"

"அது நீங்க போட்ட கோடும்மா."

சித்தி குட்டி நர்ஸைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மூணு இல்ல. அஞ்சு இருந்துச்சு. இந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்குது. குறைஞ்சிருக்கான்னு ஆசையாக் கேக்குது. இன்னும் வலிக்குதுன்னு எப்படிங்க மூஞ்சிக்கு நேரா போடறது? இன்னும் ரெண்டு இழுத்துப் போட்டேன்."

குட்டி நர்ஸின் கண் கலங்கிவிட்டது. எனக்கோ சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. ஆராய்ச்சிக்கே மரியாதை செய்திருக்கிறாள். விருந்துக்குப் போன வீட்டில் சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல!

"ஆனா எட்டு அஞ்சானது நிஜம்" என்றாள் சித்தி. "அது எதனால?"

"சோதனை நடக்கறப்ப உங்க நாள்ல வேற என்ன மாறிச்சு?" என்று கேட்டாள் நர்ஸ்.

சித்தி யோசித்தாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"உக்காந்தேன்" என்றாள். "ஒன்பதுக்கு இருபது நிமிஷம், ஒண்ணுக்கு இருபது நிமிஷம். எதையும் தொடாம உக்காந்தேன். இருபத்தேழு வருஷத்துல முதல் தடவையா."

பெரிய டாக்டர் தலையைச் சொறிந்தார். அது எல்லாருக்கும் பொதுவான விதி என்றார். அதனால் ஒப்பிடுவதில் பிழை வராதாம். கடைசியில் மருந்துள்ள களிம்பும் வெறும் களிம்பும் ஒரே அளவுதான் வலியைக் குறைத்தனவாம்.

"உங்க மருந்து தோத்துப்போச்சு. பொய் சொன்னவங்கிற பேரு மட்டும் எனக்கா?" என்று எழுந்துவிட்டாள் சித்தி.

கடிதம் கிடைக்கவில்லை. பேருந்தில் வரும்போது நான் புலம்பிக்கொண்டே வந்தேன். யாரிடமாவது புகார் கொடுக்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றியா?" என்றாள். ஏதோ மனசுக்குள் ஓடியது அவளுக்கு.

விசாரணைக்குத் துணையாக ஒருவர் உட்காரலாம், பேசக் கூடாது. சிறிய அறை. சுவரில் தீயணைப்புக் கருவி, நடுவில் நீள மேஜை. பணியாளர் பிரிவு ஆபீசரம்மா, கம்பெனி டாக்டர், கடிகாரம். கம்பெனி டாக்டர் மறுபடியும் அதே கடிதத்தைத் தட்டினார்.

"இங்க பாருங்கம்மா. எட்டு, மூணாச்சு. அந்தக் களிம்புதான் உங்களுக்கு நல்லாக் கேக்குதே! அதையே தேய்ச்சுக்கிட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதானே?"

கடிகாரம் சிரித்தார். ஆபீசரம்மா சிரிக்கவில்லை.

நான் வாயைத் திறக்கப்போனேன். சித்தி மேஜைக்கு அடியில் என் தொடையில் ஒரு குத்துவிட்டாள். அந்தக் கையால்.

"சரிங்க டாக்டர்" என்றாள். "எழுதிக் குடுங்க."

"என்னது?"

"அந்தக் களிம்புதான் கேக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சீட்டு எழுதிக் குடுங்க. வாய்ச்சொல்லுக்கு இவரு என்னை உக்கார விட மாட்டாரு" என்று கடிகாரத்தின் பக்கம் தலையை ஆட்டினாள்.

"எந்தக் களிம்பா இருந்தா என்னம்மா, ஏதோ ஒண்ணைப் பூசிக்க."

"ஏதோ ஒண்ணு இல்லைங்க. அதுல எப்படி இருந்துச்சோ அப்படி. ஒன்பதுக்கு ஒரு தரம், ஒண்ணுக்கு ஒரு தரம். தேய்ச்சா இருபது நிமிஷம் எதையும் தொடக் கூடாது. எழுத மாட்டேன்னா, அது கேக்கலைன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

ஆபீசரம்மா டாக்டரைப் பார்த்தார். "நீங்க சொன்னது இப்போ பதிவுல இருக்கு டாக்டர்" என்றார்.

டாக்டர் எரிச்சலோடு சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். களிம்பு, இரண்டு வேளை, இருபது நிமிட ஓய்வு என்று கிறுக்கினார். கிழித்து நீட்டினார். சித்தி வாங்கவில்லை.

"எதுக்குன்னு ஒரு கட்டம் காலியா இருக்குங்களே. எதுக்குன்னு எழுதாத சீட்டை மருந்துக்கடையில வாங்க மாட்டாங்க."

அவர் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. என்ன எழுதுவார்? மனசுக்கு என்று எழுதிக் கையில் பூசச் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: இரு கை மூட்டுத் தேய்மானம், வலி. கையெழுத்து. கம்பெனி முத்திரை.

சித்தி அந்தச் சீட்டை வாங்கி, அப்படியே மேஜையின் மறுபக்கம் ஆபீசரம்மாவிடம் நகர்த்தினாள்.

"உடம்பு முடியலன்னு கம்பெனி டாக்டர் எழுதிக் குடுத்தா இலகு வேலைன்னு விதி இருக்குங்களே. எழுதிட்டாரு."

கடிகாரத்துக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. "அது வேற, இது வேற!" என்று எழுந்தார். ஆபீசரம்மா சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். "உக்காருங்க டாக்டர்" என்றார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஜன்னல்.

நான் திரும்பி வந்துவிட்டிருந்தேன். போனில் குதித்தேன். "ஜெயிச்சுட்டீங்க சித்தி!"

"என்னத்தைடா ஜெயிச்சேன்?" என்று சீறினாள். "வலிக்குதுன்னு சொன்னேன், நம்பல. கையைக் காட்டினேன், நம்பல. எக்ஸ்ரேயைக் காட்டினேன், பாக்கவே இல்ல. அவனை அவன் வாயாலயே மடக்கினப்புறம்தான் என் கை என் கையாச்சு. எல்லாரும் இப்படி மடக்கிக்கிட்டே திரிய முடியுமா? தொப்பிக்கு டாக்டர் முன்னால அவ்வளவு வாய் கிடையாது. அவ விரலைப் பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை. இப்போது ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, இடைவேளைக்கு வரும் ரோலர்காரிகளுக்கு அவள் பாடம் நடத்துகிறாள்: டாக்டர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும், எந்தக் கட்டத்தை நிரப்பாமல் வெளியே வரக் கூடாது. கடிகாரம் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். எனக்கு அதில் பயம்தான். வேலைக்கு ஏதும் வந்துவிடப்போகிறது சித்தி என்றேன். போனை வைத்துவிட்டாள்.

முந்தாநாள் தொப்பி அக்கா சீட்டுக் கேட்டுப் போயிருக்கிறாள். டாக்டர் உள்ளேயே விடவில்லையாம். இன்றைக்கு நான்கு பேராகச் சேர்ந்து போகிறார்கள்.